லண்டன் கடிதம்: ஏணி உள்ளே, கக்கூஸ் பைப் மேலே

கும்பகோணத்தில் எலக்ட்ரீசியன் பைக்கில் வருவார். சட்டைப் பையில் டெஸ்டர், சைடு பாக்ஸில் கட்டிங் பிளேயரும் இன்சுலேஷன் டேப்பும். ஸ்டூல் வீட்டுக்காரருடையது, டார்ச் பிடிக்க வீட்டுக்காரரின் பையன். மெயின் போர்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, "ஒரு எம்சிபி வாங்கிட்டு வந்துடுங்க சார்" என்பார். கடை தெருமுனையில்தான். வீட்டுக்காரர் போய்வருவதற்குள் அவர் காபியை முடித்துவிடுவார்.

லண்டனில் இதில் ஒன்றும் நடக்காது. வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்ப முடியாது. தானே போகலாமென்றால் வண்டியை எடுக்க வேண்டும். எடுத்த நொடியில் நிறுத்தியிருந்த இடத்தை வேறொருவர் பிடித்துக்கொள்வார். ஆகவே கடையும் எலக்ட்ரீசியனோடு சேர்ந்தே வந்தாக வேண்டும். ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் கும்பகோணத்துக்காரர் ஒருவர், சம்பள வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியதும் முதலில் வாங்கியது ஒரு பழைய சிட்ரோயன் பெர்லிங்கோ வேன்.

வண்டியின் விலையை விட அதன் பிறந்த தேதிதான் இங்கே முக்கியம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் 'யூலெஸ்' என்ற புகைக் கட்டுப்பாட்டு மண்டலம். யூரோ 6 தரம் இல்லாத டீசல் வேனைத் தெருவில் இறக்கினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. வேன்களுக்கு அந்தத் தரம் பெரும்பாலும் 2016 செப்டம்பரில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வண்டிகள் கொள்ளை மலிவாகக் கிடைத்தும் நம்மவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கிய கையோடு மேனர் பார்க் முருகன் கோயிலுக்கு ஓட்டிப்போய் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று.

பிறகு தச்சு வேலை. வேனின் பின்பக்கம் வெறும் தகரக் கூடு. முதலில் பக்கச் சுவர்களிலும் தரையிலும் பிளைவுட் அடிக்க வேண்டும். நினைத்த இடத்தில் துளை போட முடியாது. தரைக்கு அடியில் பெட்ரோலோ டீசலோ ஓடும் குழாய் இருக்கும். கம்பெனியே விட்டிருக்கும் போல்ட் துளைகளைத் தேடிப் பிடித்து ரேக்கை முடுக்கினார். ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் ஓர் அங்குல ரீப்பர், பிரேக் போட்டால் பெட்டிகள் சறுக்காமல் இருக்க. ஓட்டுநருக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு, டிரில் மெஷின் பிடரியில் வந்து இறங்காமல் இருக்க. ஒரு கம்பியில் கேபிள் சுருள்களைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார். வேண்டிய நீளத்தை உருவிக்கொள்ளலாம். 100 மீட்டர் சுருள் ஒன்றே பத்துக் கிலோவைத் தாண்டும் என்பதால் அது சக்கரத்துக்கு நேர் மேலே, தாழ்வாக.

மைத்துனனும் ஊரில் இதே தொழில்தான். வீடியோ காலில் வண்டியைக் காட்டியபோது அவன் கேட்ட முதல் கேள்வி: "அத்தான், கக்கூஸ் பைப்பை ஏன் தலைமேல ஏத்தியிருக்கீங்க?"

நியாயமான கேள்வி. வயர் ஓடும் கான்ட்யூட் குழாய் இங்கே 3 மீட்டர் நீளத்தில் வருகிறது. சின்ன வேனின் உள்நீளம் 2 மீட்டரைக்கூட எட்டாது. அதனால் 110 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாய் ஒன்றை வாங்கி, கான்ட்யூட்டை அதற்குள் செருகி, இருபுறமும் மூடி போட்டு, கூரையில் கட்டிவிடுவது இந்த ஊர்த் தொழிலாளர்களின் பழைய தந்திரம். கடையில் விற்கும் அலுமினியக் குழாயின் விலையைப் பார்த்தால் இதுதான் புத்திசாலித்தனம். ஏணி ஃபைபர் கிளாஸில், மின்சாரம் பாயாதது. அதை வண்டிக்குள்ளேயே படுக்க வைத்துவிட்டார்.

மைத்துனன் அடுத்து டெஸ்டரைத் தேடினான். சட்டைப் பை நியான் டெஸ்டருக்கு இங்கே மரியாதை கிடையாது. இரண்டு முனையுள்ள வோல்டேஜ் இண்டிகேட்டர் வேண்டும். அது சரியாக இருக்கிறதா என்று வேலைக்கு முன்னும் பின்னும் பார்க்க இன்னொரு கருவி வேண்டும். டெஸ்டருக்கே டெஸ்டர்! சிரிப்பாக இருந்தாலும் உயிரைக் காக்கும் ஏற்பாடு. மற்ற டப்பாக்களில் பிளக்குக்குள் போடும் 3, 5, 13 ஆம்பியர் ஃபியூஸ்கள், கனெக்டர்கள், ஸ்குரூக்கள். இங்கே வயர் நிறம் 2006 ஏப்ரலுக்குப் பிறகு பழுப்பு, நீலம்தான். பழைய வீடுகளில் இன்னும் சிவப்பு, கறுப்பு. நம்மவருக்கு அவை ஊரிலிருந்தே பழகிய நிறங்கள்.

முன்சீட்டுக்குக் கீழே சிரித்த முகத்தோடு ஒரு சிவப்பு வாக்குவம் கிளீனர். பெயர் ஹென்றி. சுவரில் துளை போட்டுவிட்டுப் பொடியை அப்படியே விட்டுவந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

இத்தனையும் செய்தபின் இங்கே உண்மையான செலவு திருடனுக்குத்தான். பக்கக் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, முழங்காலால் அழுத்தி, தகரத்தை அப்படியே உரித்துவிடுகிறார்கள். பூட்டு பூட்டியபடியே இருக்கும். அதனால் கூடுதல் பூட்டு, அலாரம், பக்கக் கதவு சுவரை ஒட்டி நிற்குமாறு பார்க்கிங். பல இன்சூரன்ஸ் பாலிசிகள் இரவில் வண்டியில் விட்ட கருவிகளுக்குப் பணம் தராது. 'இரவில் இந்த வண்டியில் கருவிகள் இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது, அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஆகவே தினமும் சாயங்காலம் டிரில்களும் மீட்டர்களும் வீட்டுக் கூடத்துக்கு இடம்பெயர்கின்றன. "வேன் வாங்கினா வீடு காலியாகும்னு சொன்னீங்களே" என்று கேட்கும் மனைவிக்கு அவரிடம் இன்னும் பதில் இல்லை.

ஊரில் ஐடிஐ முடித்துவிட்டு இங்கே வர நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ரேக், ரீப்பர் எல்லாம் பிறகு. இங்கே குடியேறியவருக்கு இந்திய லைசென்ஸ் 12 மாதம்தான் செல்லும். அதற்குள் இந்த ஊர் டிரைவிங் டெஸ்ட்டில் தேறிவிடுங்கள்.