எதிர்ப்புக்கும் ஒரு படிவம் உண்டு

ஜனநாயகத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே நாம்தான் என்று மேடையில் யார் பேசினாலும் முதலில் உத்திரமேரூருக்குத்தான் போவார்கள். போய்விட்டு, கல்வெட்டைப் படிக்காமலே திரும்பிவிடுவார்கள். படித்தால் சங்கடம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை. 919, 921இல் வெட்டியவை. உறுப்பினராக வேண்டுமானால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைச் சேர்க்கவே கூடாது. அவனோடு அவன் சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, மாமன், மாமனார் வரை தடை. (இந்த ஒரு விதியை இன்றைக்கு அமல்படுத்தினால் சட்டசபையில் மின்விசிறி மட்டும்தான் சுற்றும்.) தேறியவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

கவனியுங்கள்: ஊரில் ஒருத்தரும் ஓட்டுப் போடவில்லை. மொத்த வாக்குப்பதிவே அந்தப் பையன்தான். உத்திரமேரூரும் எங்கள் அனகாபுத்தூரும் ஒரு காலத்தில் ஒரே செங்கல்பட்டு ஜில்லா. ஆகவே தேர்தல் நாளன்று நாங்கள் பன்னிரண்டு மணிவரை தூங்குவதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துப் பாரம்பரியம்.

வேண்டுமென்றே ஓட்டுப் போடாமல் இருப்பது வேறு கலை. அதைக் காங்கிரஸ் கற்றுத் தந்தது. 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முதல் தேர்தல் வந்தது. ஒத்துழையாமை இயக்கத்தின் பேரால் காங்கிரஸ் அதைப் புறக்கணித்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்த காலம். அவர்களிலும் சுமார் கால்வாசிப் பேர்தான் சாவடிப் பக்கம் வந்தார்கள். வெள்ளைக்காரன் வெட்கித் தலைகுனிந்து கப்பலேறவில்லை. நீதிக்கட்சி 98 இடங்களில் 63ஐப் பிடித்து மந்திரிசபை அமைத்துவிட்டது. வராதவர்கள் ஓட்டு வந்தவர்கள் கணக்கில் சேரும் என்ற பாடம் காங்கிரஸ்காரர்களுக்குப் புரிய மூன்று வருஷம் ஆயிற்று. 1923இல் சுயராஜ்யக் கட்சி என்று வேறு சட்டை மாட்டிக்கொண்டு தேர்தலுக்கு வந்தார்கள்.

புறக்கணித்துப் பயனில்லை என்று தெரிந்தபின் நம்மவர்கள் கண்டுபிடித்ததுதான் தமிழ்நாட்டுத் தேர்தல் வரலாற்றின் அசல் காவியம். ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி. வருஷம் 1996. விவசாயிகள் கேட்டது எதையும் எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு ஊராக இருந்தால் சாலை மறியல் செய்திருப்பார்கள். தாசில்தார் வந்து பேச்சுவார்த்தை நடத்தியிருப்பார். டீ குடித்துக் கலைந்திருப்பார்கள். மொடக்குறிச்சிக்காரர்கள் சட்டத்தைப் படித்தார்கள். சட்டமன்றத் தேர்தலில் நிற்க 250 ரூபாய் டெபாசிட் போதும். சரி, நிற்போம். எத்தனை பேர்? வருகிறவர்கள் எல்லாரும்.

1,033 பேர் களத்தில் நின்றார்கள்.

தேர்தல் ஆணையத்தில் அன்றைக்குத் தலைமை டி.என்.சேஷன். இந்தியாவின் அத்தனை அரசியல்வாதிகளையும் நடுங்க வைத்த மனிதர். அவரையே ஒரு தொகுதி ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. மற்ற இடங்களில் ஓட்டுப்பதிவு முடிந்தது, எண்ணினார்கள், ஆட்சியே மாறியது. மொடக்குறிச்சிக்கு மட்டும் இன்னும் வாக்குச்சீட்டு தயாராகவில்லை. அத்தனை பேரையும் ஒரு தாளில் அடிக்க முடியாமல் புத்தகமாகத் தைத்தார்கள். மறைவுக்குப் பின்னால் போய், ஒரு கையில் ரப்பர் முத்திரையைப் பிடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டித் தன் ஆளைத் தேடும் வாக்காளரை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பெரியவர் கதி என்ன? குத்திய பிறகு அந்தப் புத்தகத்தை மடித்துப் பெட்டியில் நுழைக்க வேண்டும். பெட்டியும் அதற்கேற்ற அளவில் வேண்டும்.

ஜெயித்தது யார் என்றால், திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். இரண்டாவது அதிமுக. அதாவது எதிர்ப்புப் புயல் வீசாமலே இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ அதேதான். வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. நன்றாக யோசியுங்கள். பூஜ்ஜியம் என்றால் அவரே அவருக்குப் போடவில்லை, வீட்டுக்காரம்மாவும் போடவில்லை. ஒருவேளை எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்றே கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கலாம்.

இதற்கு டெல்லியிலிருந்து பதில் உடனே வந்தது. மொடக்குறிச்சி மட்டும் இல்லை. அதே வருஷம் ஆந்திராவின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். அரசாங்கம் விழித்துக்கொண்டது. விவசாயிகளின் கோரிக்கையைப் பார்க்கவா? டெபாசிட்டைப் பார்க்க. சில மாதங்களில் சட்டத்தைத் திருத்தி 250ஐ 5,000 ஆக்கினார்கள். முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். இன்றைக்கு 10,000. நம் நாட்டில் எதிர்ப்புக் காட்டினால் குறை தீராது, ஆனால் எதிர்ப்புக் காட்டும் முறை கண்டிப்பாகச் சீர்திருத்தப்படும். இதை நான் விதி என்றே வைத்திருக்கிறேன், இதுவரை பிசகியதில்லை.

(மேட்டூர் டயர் கடைக்காரர் பத்மராஜன் மட்டும் எந்தக் கட்டணத்துக்கும் அசரவில்லை. 1988இலிருந்து பிரதமர், முதல்வர், ஜனாதிபதி என்று யாரையும் விடாமல் எதிர்த்து நின்று தோற்று வருகிறார். 2011இல் மேட்டூரில் 6,273 ஓட்டு விழுந்துவிட்டது. அவருடைய தொழிலுக்கு அது ஒரு விபத்து.)

அடுத்த அத்தியாயம் 49 ஓ. 1961ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் தூசி படிந்து கிடந்ததை எழுத்தாளர் ஞாநி ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தார். யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்பவர் சாவடிக்குப் போய், விரலில் மை வைத்துக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டு, வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அதைச் சொல்ல வேண்டும். அவர் மேலும் கீழும் பார்ப்பார். பதிவேட்டில் குறிப்பு எழுதுவார். அதன் கீழே இன்னொரு கையெழுத்து. இத்தனையும் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எல்லாக் கட்சி ஏஜென்ட்டுகளின் காது கேட்க. அவர்கள் எல்லாரும் உங்கள் தெருக்காரர்கள். ரகசிய வாக்கெடுப்பில் மிச்சமிருந்த ஒரே பகிரங்கம் இதுதான். ஒரே கல்லில் இத்தனை கட்சிகளையும் பகைத்துக்கொள்ள வேறு வழி கிடையாது.

2013 செப்டம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் இதைத் தப்பு என்றது. தீர்ப்புச் சொன்ன அமர்வுக்குத் தலைமை நீதிபதி பி.சதாசிவம், ஊர் ஈரோடு மாவட்டம். மொடக்குறிச்சியின் மண்ணுக்கு ஒரு நியாயம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். நோட்டா பட்டன் வந்தது. ஒரே ஒரு குறை: அதை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. நோட்டா எல்லாரையும்விட அதிக ஓட்டு வாங்கினாலும், அடுத்தபடியாக வாங்கியவர்தான் எம்.பி. 2014இல் நாட்டிலேயே அதிகமாக நீலகிரியில் 46,559 பேர் அழுத்தினார்கள். எம்.பி. பாட்டுக்கு டெல்லி போனார். 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நோட்டாவுக்கு 2,373, நாட்டையே ஆளும் பாஜகவுக்கு 1,417. இங்கிலாந்தில் 1990இல் பூட்டில் இடைத்தேர்தலில் பைத்தியக்காரக் கட்சி என்று தானே பெயர் வைத்துக்கொண்ட ஒன்று, டேவிட் ஓவனின் சமூக ஜனநாயகக் கட்சியை 418க்கு 155 என்று முந்தியது. அவமானம் தாங்காமல் ஓவன் சில நாளில் கட்சியையே கலைத்தார். நம்மூரில் அப்படிப்பட்ட கூச்ச சுபாவம் உள்ள கட்சி எதுவும் இல்லை.

பட்டனை அழுத்தி அலுத்தவர்கள் மூன்றாவது ஆளைத் தேடினார்கள். 2006இல் விஜயகாந்துக்கு 8 சதவீதத்துக்கு மேல் போட்டார்கள். 2011இல் அவர் கூட்டணி வைத்து எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் அவருடைய தேமுதிகவுக்கு ஒரு இடம்கூட இல்லை. அந்த இடத்துக்குச் சீமான் வந்தார். 2016இல் ஒரு சதவீதம், 2021இல் ஆறரை, 2024இல் எட்டுக்கு மேல். 2024இல் நின்ற 40 தொகுதியிலும் டெபாசிட் காலி, ஆனால் மறு வருஷம் மாநிலக் கட்சி அங்கீகாரம் கைக்கு வந்தது. 2025இல் தேர்தல் ஆணையம் இன்னொரு பக்கம் களையெடுத்தது. ஆறு வருஷமாகத் தேர்தலில் நிற்காத லெட்டர்பேட் கட்சிகளை இரண்டு தவணையாக 808 நீக்கினார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64. அதில் மனிதநேய மக்கள் கட்சியும் போயிற்று. அதன் தலைவர் அப்போது சட்டசபையில் எம்.எல்.ஏ.வாக உட்கார்ந்திருந்தார், உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்து.

இனி எங்கள் ஊர். அனகாபுத்தூர்க்காரன் ஒருவன் கோபப்பட்டு எதிர்ப்பு ஓட்டுப் போட வேண்டும் என்று வையுங்கள். யாரை எதிர்த்து? எம்.எல்.ஏ. பல்லாவரத்துக்கு. எம்.பி. ஸ்ரீபெரும்புதூருக்கு. கலெக்டர் செங்கல்பட்டில், அதற்கு முன்னால் காஞ்சிபுரத்தில். பின்கோடு சென்னை 70. கவுன்சிலர் தாம்பரம் மாநகராட்சியில். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எந்தத் தேர்தலில் திட்டுவது என்று கண்டுபிடிக்கவே தனி வகுப்பு எடுக்க வேண்டும். மெட்ராஸ் கைக்குட்டை நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பிய தறிக்காரர்கள் ஊர் இது. அந்த வியாபாரம் படுத்தபோதும் யாரை எதிர்த்து ஓட்டுப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களை வீழ்த்தியவர் எந்த வார்டிலும் நிற்கவில்லை.

2016 அக்டோபரில் எங்கள் நகராட்சிக் கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர் நிர்வாகம். குப்பை அதே இடத்தில் கிடந்தது, அதே ஆள் வாராமல் இருந்தார். டீக்கடையில் ஒருத்தர் கேட்டார்: “கவுன்சிலர் இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கானே, எப்போதிலேர்ந்து?”

அதற்குள் ஊர் மாநகராட்சியாகிவிட்டது. 70 வார்டு. 25 வயதில் வசந்தகுமாரி முதல் மேயரானார். சென்னையில் 43 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஓட்டு. எங்கள் பக்கம் அதைவிடப் பரவாயில்லை. வந்தவர்களில் சிலர் மிஷின் முன்னால் நின்று கீழே கீழே தேடினார்கள். நோட்டா இல்லை. உள்ளாட்சித் தேர்தல் விதிகளில் அதற்கு இடமே கிடையாதாம். யாரும் வேண்டாம் என்றால் நீயே நில் என்பது ஏற்பாடு போலிருக்கிறது. நகராட்சியாகவே இருந்திருந்தால் நிற்க 2,000 ரூபாய் கட்டினால் போதும். மாநகராட்சி என்பதால் 4,000.