கையுறைக்குக் கணக்கு உண்டு

அம்மா போய் முப்பதாம் நாள், அவள் செல்போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: எங்கள் சேவைக்கு 5க்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? அவள் இப்போது இருக்கும் இடத்தில் நட்சத்திரத்துக்குப் பஞ்சமில்லை, சிக்னல்தான் இல்லை. ஆகவே அவள் சார்பில் நான் எழுதுகிறேன்.

குறை சொல்லக் கூடாது. வாசலில் பிள்ளையார், உள்ளே ஏசி, கேன்டீனில் டிகிரி காபி. ஐசியூவில் அம்மாவைப் பார்க்க நாளுக்குப் பத்து நிமிஷம். கேஷியரைப் பார்க்க 24 மணி நேரமும் அனுமதி. மூச்சு வாங்குகிறதென்று தன் காலால் நடந்து வந்தவள். எட்டு நாளும் "தேறி வர்றாங்க" என்றார்கள். ஒன்பதாம் நாள் விடிகாலையில் "எங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டோம்" என்றார்கள். நடுவில் என்னதான் பண்ணினீர்கள்? என் கேள்வி அவ்வளவுதான்.

மரணத்துக்குக் காரணம், இதயமும் மூச்சும் நின்றது என்று எழுதிக் கொடுத்தார்கள். ராஜராஜ சோழனுக்கும் அதே காரணம்தான். எந்த நோயால் நின்றது என்று எழுதத்தான் அந்தப் படிவம். நின்ற விதத்தை எழுதாதே என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. படிவத்தைப் படிக்க நேரமில்லை போலும்.

கேஸ் ஷீட் கேட்டேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. "ரெக்கார்ட்ஸ்ல கேளுங்க", "அட்மின் சார் லீவு", "இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று மூன்று வாரம் படியேற வைத்தார்கள். மருத்துவமனையைத் தாக்கினால் ஜாமீன் கிடையாது என்று சுவரில் ஆளுயர போர்டு. நியாயம், டாக்டர்மேல் கைவைப்பவன் அயோக்கியன். ஆனால் கேள்வி கேட்டவனுக்கே இரண்டு செக்யூரிட்டி எதற்கு? 72 மணி நேர விதிக்கு மட்டும் அந்தச் சுவரில் ஒரு சாண் இடம் இல்லையா?

கடைசியில் வந்தது கேஸ் ஷீட், 11 பக்கம். பில் 43 பக்கம். கடைசி இரவு 2.10க்கு மாட்டிய கையுறைக்கு பில்லில் கணக்கு உண்டு. அதே 2.10க்கு அம்மாவுக்கு பிரஷர் எவ்வளவு? ஷீட்டில் அந்தக் கட்டம் காலி. பஞ்சை எண்ணியவர்கள் நாடியை எண்ணவில்லை.

"விதி, விடுப்பா. கேஸ் போட்டா போன உசுரு வருமா?" என்கிறார் சித்தப்பா. வராது. விதிதான் என்றால் ஆறு லட்ச ரூபாய் பில்லை விதியிடமே வசூலித்திருக்கலாமே! நுகர்வோர் நீதிமன்றக் கதவு இருக்கிறது. நோயாளிகளுக்கும் அதை 1995லேயே உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. 1998ல் தவறான சிகிச்சையால் மனைவியைப் பறிகொடுத்த குணால் சாஹாவுக்கு அதே உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை முடிவு செய்தது 2013ல். அவரே ஒரு டாக்டர். அவருக்கே 15 வருஷம். ரேஷன் கார்டில் பெயர் திருத்தவே நாலு தடவை அலைந்த எனக்கு எத்தனை ஜென்மமோ!

நட்சத்திரத்துக்கு வருகிறேன். ஷீட்டின்படி அம்மா இறந்தது காலை 4.40. பில்லின்படி காலை 6 மணிக்கு அவளுக்கு நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். ஐசியூவால் முடியாததை பில்லிங் கவுண்டர் செய்திருக்கிறது. அம்மாவை இன்னும் எண்பது நிமிஷம் மூச்சுவிட வைத்திருக்கிறது. ஐந்து நட்சத்திரமும் அந்த கவுண்டருக்கே.