சிரிக்கத் தடையில்லை

கிறிஸ்தவர் என்றால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டுமா? (வாசகர், நாசரேத்)

யோவான் சுவிசேஷப்படி இயேசுவின் முதல் அற்புதம் நடந்தது கல்யாண வீட்டில். ஆறு கற்சாடித் தண்ணீர் திராட்சரசமாயிற்று. கணக்குப் போட்டால் 400 லிட்டருக்குக் குறையாது. பந்தியில் குறை வரக்கூடாதே என்று முதலில் பதறியது அவருடைய அம்மா!

கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே தப்பு என்கிறாரே எங்கள் பெரியப்பா?

1659-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்திருக்க வேண்டியவர். கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள் அங்கே சட்டமே போட்டார்கள். 1681-இல் அது ரத்தாகிவிட்டது, பெரியப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

பிரசங்கத்தில் ஜோக் சொல்லலாமா?

தெற்கு ஜெர்மனியில் ஒரு காலத்தில் ஈஸ்டர் அன்று சபையைச் சிரிக்கவைப்பதே பாதிரியார் வேலை. மரணமே தோற்ற நாளில் சிரிக்காமல்?

விருந்துக்குச் செலவழிப்பதை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே?

இரண்டையும் ஒரே பந்தியில் முடிக்கலாமே! திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அசனப் பண்டிகைக்குப் போயிருக்கிறீர்களா? சபையார் கொடுத்த காணிக்கையில் அண்டா அண்டாவாகச் சோறு பொங்கும். ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் தெருமுனை வரை வரும். முதலாளியும் கூலிக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நெகேமியா காலத்திலேயே அழுதுகொண்டிருந்த ஜனங்களிடம், நன்றாகச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்றுதான் சொன்னார்கள். அடுத்த அசனத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாளியைத் தூக்கிப் பரிமாறவும் ஆள் வேண்டுமல்லவா?