சத்தம் எப்போது வருகிறது?

கேள்வி: என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும்போது, பின்பக்கம் ‘படார்’ என்று துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம். பன்றிவெடி என்று நினைத்து, கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடியிருக்கிறார்கள். ஒரு கராஜில் என்ஜினை இறக்க வேண்டும் என்றார்கள். இன்னொன்றில் கியர்பொக்ஸ் போய்விட்டது என்றார்கள். மூன்றாவது கராஜில் காரையே விற்கச் சொன்னார்கள். என்ன செய்ய?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டகலை

பதில்: மாஸ்டர், யாரையும் என்ஜினில் கைவைக்க விடாதீர்கள். அது என்ன சத்தம் என்று மூன்று கராஜிலும் விசாரித்திருக்கிறார்கள். எப்போது வருகிறது என்று ஒருவராவது கேட்டாரா? விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இறங்கும்போது வருகிறது, ஏறும்போது இல்லை. பெயாரிங் தேய்ந்த என்ஜின் என்றால் ஏற்றத்தில்தான் ‘டொக் டொக்’ என்று அடித்து ஊரைக் கூட்டும். சுமை இல்லாமல் இறங்கும்போது வெடிப்பது என்ஜின் அல்ல, சைலன்சருக்குள் சேர்ந்த பெற்றோல்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் டியூன் செய்த கார்பரேட்டர், மேலே வந்ததும் காற்றுக்கு அளவான பெற்றோலைவிடக் கூடுதலாக ஊற்றும். அதன் ஜெட்டும் ஊசியும் தேய்ந்திருந்தால் இன்னும் கூடும். இந்த நிலையில் இறக்கத்தில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். உள்ளே போகும் கலவை சரியாக எரியாமல் அப்படியே சைலன்சருக்குப் போகிறது. சைலன்சரோ கொதிசூட்டில் இருக்கிறது. மெனிபோல்டும் பைப்பும் சேரும் கிளாம்ப் தளர்ந்திருந்தால், அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றும் உள்ளே போகும். பெற்றோல், காற்று, சூடு மூன்றும் ஒன்றுசேர்ந்தால் படார்தான்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. விடியற்காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். தடித்த ஈரத்துணியால் ஒருவர் சைலன்சர் வாயைச் சில விநாடி பொத்தட்டும். பொனட்டைத் திறந்து நீங்கள் காது கொடுங்கள். எங்கே ‘புஸ்’ என்கிறதோ அங்கேதான் ஓட்டை. அடுத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி பூசியது போல் கறுத்திருந்தால் கலவை கூடிவிட்டது. உங்கள் காரில் உள்ள எஸ்.யூ. கார்பரேட்டரின் அடியில் ஒரு அறுகோண நட் இருக்கும். அதை மேல்நோக்கித் திருகினால் கலவை குறையும். ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும் திருப்பி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த பக்கம். டியூனை மலையில் வைத்தே செய்யச் சொல்லுங்கள். கார் ஓடுவது கொட்டகலையில்தானே!

ஓட்டையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓடும் ஊர் இது. அந்த ஓட்டையிலிருந்து கசியும் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சத்தமாவது பயமுறுத்தி எச்சரிக்கிறது, அந்த வாயு எச்சரிக்கவே எச்சரிக்காது.

இனி, கடிதத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் நீங்கள் எழுதிய வரிக்கு வருகிறேன்: “பெற்றோல் மிச்சமாகட்டும் என்று இறக்கத்தில் சாவியை அணைத்துவிடுவேன்.” மாஸ்டர், முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய வரி இது! கியரில் இருக்கும்போது சாவியை அணைத்தாலும் சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பொறி இல்லாததால் உள்ளே இழுத்த பெற்றோல் எரியாமல் முழுதாகச் சைலன்சரில் சேரும். வளைவு முடிந்து சாவியைத் திருப்பியதும் அத்தனையும் ஒரே மூச்சில் வெடிக்கும். சைலன்சர் பிளந்துபோவதும் உண்டு. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனபோது பலருக்கு வந்த பழக்கம் இது. அந்த ஆண்டின் பெற்றோல் பங்கீட்டில் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்ற யாரையும் இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மிச்சமாகும் பெற்றோலின் விலையைவிட சைலன்சரின் விலை கூட. இன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: காரில் ‘ஊ...’ என்று ஒரு சத்தம் வருவதாக என் மனைவி சொல்கிறார். ஓட்டும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. யார் சொல்வது சரி?
— வாசகர், தலவாக்கலை

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான். நீங்கள் வலப்பக்கம், அவர் இடப்பக்கம். இடது முன்சக்கரம் அவர் காலடியில் இருக்கிறது. வலப்பக்க வளைவில் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தில் இறங்கும். அப்போது அந்த ஊளை கூடினால் இடது பெயாரிங் போகப் போகிறது. அவரையே கேளுங்கள், எந்த வளைவில் கூடுகிறது என்றும் சொல்வார். தினமும் ஓட்டுகிறவரின் காது மெல்ல வளரும் சத்தத்துக்குப் பழகிவிடும். பக்கத்தில் இருப்பவரின் காதை நம்புங்கள். பெயாரிங் மாற்றிய பிறகு நன்றியும் சொல்லுங்கள்.

கேள்வி: கராஜுக்குப் போனால் என் கார் வாயே திறப்பதில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடி கத்துகிறது!
— ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: டீச்சர், காரைக் கராஜில் விடாமல் மெக்கானிக்கைக் காரில் ஏற்றுங்கள். கண்ணாடியை இறக்கி, பாறையை வெட்டிப் போட்ட பாதை ஓரமாக மெதுவாக ஓட்டுங்கள். தேயிலைச் சரிவு சத்தத்தை விழுங்கிவிடும், பாறைச்சுவரோ அப்படியே திருப்பிக் காதில் போடும். கைப்பேசியில் பதிவு செய்தும் வையுங்கள். குளிரிலா சூட்டிலா, ஏற்றத்திலா இறக்கத்திலா, கிளச்சை மிதித்தால் நிற்கிறதா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அந்தத் தாளைத்தான் முதலில் வாசிப்பார்.

கேள்வி: மாருதி 800. கொண்டை ஊசி வளைவில் முழுதாக ஒடித்தால் ‘டக்டக்டக்’.
— வாசகர், கினிகத்தேனை

பதில்: முன்சக்கரத்துக்குப் போகும் அக்சிலின் வெளிமூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து கிறீஸ் வெளியேறியிருக்கும். குனிந்து பாருங்கள், சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாகத் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: என்னுடையதும் மோரிஸ் மைனர்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்னால் ‘கிறீச்’. பழைய கார்தானே என்று விட்டுவிடலாமா?
— வாசகர், பொகவந்தலாவை

பதில்: விடவே கூடாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அருமையான கார் இது. அதன் பலவீனம் முன்சக்கரத்தைத் தாங்கும் ‘ட்ரனியன்’ மரை. கிறீஸ் காணாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் மூட்டு பிரிந்து சக்கரம் மடிந்து விழும். பள்ளத்தாக்கின் ஓரத்தில் அது நடக்க வேண்டாம். ஜக் போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, பாரம் இல்லாமல் வைத்துக் கிறீஸ் அடியுங்கள். ஆட்டிப் பார்த்து லூஸ் தெரிந்தால் காரை நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

கேள்வி: ஏப்ரலில் மஹகஸ்தொட்டவில் ஓடும் ரேஸ் கார்கள் படபடவென்று வெடிப்பது அழகாக இருக்கிறது. என் காரிலும் அப்படிச் செய்யலாமா?
— மாணவர், நுவரெலியா

பதில்: தம்பி, அங்கே 1934இலிருந்து மலையேற்றப் போட்டி நடக்கிறது. அந்தச் சத்தமும் கொட்டகலை மாஸ்டருக்கு வந்த அதே பெற்றோல் வெடிப்புதான். அங்கே அது போட்டிக்காகப் பூட்டிய என்ஜின், மூடிய பாதை. உன் பாதையோரம் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் இருக்கின்றன. விடியலில் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் அங்கே தூங்குகிறார்கள். வேண்டாம்.

கேள்வி: சத்தம் போடும் காரை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?
— வாசகர், லிந்துலை

பதில்: 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தும் வரியோடு விலை எட்டாத உயரத்தில். வாங்கும் பழைய காருக்கும் அதற்கென்று ஒரு சத்தம் இருக்கும். உங்கள் காரின் சத்தமாவது உங்களுக்குத் தெரிந்தது.

கேள்வி: நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்குப் பாதையில் இறங்கும்போது பிரேக் மிதித்தால் ‘கரகர’ என்று இரும்பு உரசுகிறது. அடுத்த மாதச் சம்பளம் வரும்வரை ஓட்டலாமா?
— வேன் ஓட்டுநர், நானுஓயா

பதில்: கூடாது தம்பி. லைனர் தேய்ந்து ரிவெட் டிரம்மில் உரசுகிறது. மற்றப் பல சத்தங்களுக்கு ஒரு வாரம் தவணை கொடுக்கலாம், இதற்கு ஒரு இறக்கம்கூடக் கொடுக்க முடியாது. அந்தச் சரிவு எவ்வளவு கொடியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லைனர் மாற்றிய பிறகும் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை இழுத்துப் பிடித்தே வந்தால் டிரம் சூடேறி, பிடிப்பு இல்லாமல் போகும். லைனருக்குப் பணம் இல்லையென்றால் முதலாளியிடமோ மைத்துனரிடமோ இன்றே கேளுங்கள். அதுவரை வேன் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், சக்கரத்துக்குக் கல் வைத்து.