பின்வரிசை முன்னே வந்தால்

கேள்வி: முன்னால் நின்று பாடியவர் இல்லாமல், பின்னால் வாசித்தவர்கள் மட்டும் மீண்டும் கூடி அதே பெயரில் ராக் கச்சேரி நடத்துகிறார்களே, நியாயமா?
– வாசகர், குன்னத்துகால்

பதில்: நியாயம்தான். பாடகர் தண்ணீர் குடிக்கும்போதும் பாட்டை நிற்க விடாதவர்கள் அவர்கள்தானே!

உங்கள் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. திருவனந்தபுரத்து 'அவியல்' குழுவின் முதல் பாடகர் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால் விலகியதும் வெளியே ஆள் தேடவில்லை. உள்ளேயே இருந்த டோனி ஜான் மைக்கைப் பிடித்தார். 2008-இல் ஆல்பமும் வந்தது.

டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' கதை கனமானது. தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் மறைந்தார். அந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்: தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி, பாட ஹிமான்ஷு ஜோஷி. இதைவிடப் பெரிய அஞ்சலி எந்த மேடையிலும் வாசிக்கப்பட்டதில்லை என்பேன்.

பாப் மார்லி 1981-இல் மறைந்த பிறகு 'வெய்லர்ஸ்' குழுவைத் தாங்கியவர் பேஸ் கிதார் வாசித்த ஆஸ்டன் பேரட். மார்லியின் பாட்டு ஒன்றை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். வரி மறந்திருக்கலாம், அந்த பேஸ் மறக்காது. அதற்கு உரிமை வாசித்தவருக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

ஒன்று மட்டும் கூடாது. மறைந்தவர் முகத்தைப் போஸ்டரில் பெரிதாகப் போட்டு டிக்கெட் விற்பது ஏமாற்று வேலை. யார் பாடப் போகிறார் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். உங்கள் ஊர்த் திருவிழா கானமேளாவுக்கு அப்படியொரு குழு வந்தால், டிரம்மர் கை தெரிகிற பக்கமாக இடம் பிடியுங்கள்.