திருடனுக்கும் உரிமையா?

கேள்வி: போலீஸ் பயிற்சியில் மனித உரிமைப் பாடம் எதற்கு? திருடனுக்கு ஏது உரிமை?

பதில்: அவன் திருடனா என்று சொல்ல வேண்டியது கோர்ட், ஸ்டேஷன் அல்ல. காவல் மரணங்கள் பற்றி டி.கே. பாசு என்பவர் 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்தாண்டு கழித்து வந்த தீர்ப்பு 11 நெறிமுறைகளை விதித்தது. கைது செய்பவரின் சட்டையில் பெயர்ப்பட்டை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது முதல் விதி. பெயர் தெரிந்தால் ஓங்கிய கை தயங்கும்! காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். இவற்றை மனப்பாடம் செய்யவைத்தால் பரீட்சையோடு போய்விடும். கைதின்போது எழுத வேண்டிய கைதுக் குறிப்பாணையைக் கை பழகும்வரை பயிற்சியிலேயே நிரப்பவைக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாரையாவது கைது செய்தால், அந்தக் குறிப்பாணையில் தேதியும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள்.