ஐந்நூறு ரூபாய்ப் பென்ஷன்காரர்

மாமனார் பென்ஷன் வாங்குகிறவர் என்றால் மாப்பிள்ளைக்கு மரியாதை பாதிதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மாமனார், மாதக் கடைசியில் பாங்கிலிருந்து வரும் மெசேஜை மூக்குக்கண்ணாடி போட்டு ஒருதரம், கழற்றிவிட்டு ஒருதரம் படிப்பார். படித்து முடித்ததும் என்னைப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தப் பார்வையிலேயே அகவிலைப்படியும் சேர்ந்திருக்கும்.

மாநில அரசில் 2003 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் போட்டார்கள். மாமனார் அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியவர். சம்பளத்திலிருந்து காலணா கொடுக்காமல் வாங்குகிற பழைய பென்ஷன். இப்போது எழுபத்தொன்பது நடக்கிறது. ஊரெல்லாம் வயதைக் குறைத்துச் சொல்ல, எண்பது எப்போது வரும் என்று காலண்டரைக் கிழிக்கிற ஒரே மனிதர் அவர்தான். எண்பதில் ஓய்வூதியம் 20 விழுக்காடு கூடும். எண்பத்தைந்தில் 30. நூறைத் தொட்டால் இரட்டிப்பு. "நூறு வயசு இருக்கணும் மாமா" என்று பொங்கலுக்குக் காலில் விழுந்தால், "ஆமா, அப்பதான் டபுள்" என்கிறார்.

நான் சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இருபது பேர் வேலை பார்க்கிற இடமாக இருந்தால்தான் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் உள்ளே எட்டிப் பார்க்கும். எங்கள் கடையில் கல்லாவுக்கு மேலே இருக்கும் பிள்ளையாரையும் சேர்த்து ஒன்பது பேர். ரிட்டையர் ஆகிற அன்று முதலாளி ஒரு வேட்டி தருவார். அதையும் தள்ளுபடி ரகத்தில்தான் எடுப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை எழுதுகிறவனே நான்தானே.

எங்கள் வீட்டில் யாருக்கும் பென்ஷன் என்ற பழக்கமே கிடையாது. பண்ருட்டிப் பக்கம் பெரியப்பாவுக்கு முந்திரித் தோப்பு இருந்தது, ஊடே நாலைந்து பலா. "பிள்ளைங்க சோறு போடலைன்னாலும் மரம் போடும்" என்பார். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. விடிந்து பார்த்தால் தோப்பு படுத்திருந்தது. முந்திரி புதிதாக வைத்துக் காய்க்கச் சில வருஷம் ஆகும், பலாவுக்கு இன்னும் கூட. எழுபது வயதுக்காரர் எந்தத் தைரியத்தில் கன்று நடுவார்? அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நிவாரண மனு எழுதிக் கொடுப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள், டீக்கடையில் ஓசிப் பேப்பரில், தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் (என்.பி.எஸ்.) 500 ரூபாய் கட்டியும் கணக்குத் தொடங்கலாம் என்று படித்தேன். 2004-ல் மத்திய அரசு ஊழியர்களுக்காக வந்தது, 2009 மே மாதம் முதல் என்னைப் போன்ற அநாமதேயங்களுக்கும் திறந்துவிட்டார்கள். அடல் பென்ஷன் யோஜனா இன்னும் மலிவு என்று விசாரித்தேன். மாதம் 5,000 ரூபாய் பென்ஷன் வேண்டுமானால் பதினெட்டு வயதுக்காரர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். முப்பதில் சேர்ந்தால் 577. நாற்பதில் 1,454. நாற்பதைத் தாண்டியவருக்கு வாசலே கிடையாது. எனக்கு நாற்பத்து நாலு. ஆக, ஐந்நூறு ரூபாய்க் கதவைத்தான் தட்டினேன்.

தட்டுவது சுலபம். போனிலேயே ஆதார் நம்பர், ஓடிபி, பான் கார்டு, வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து. அதன் பிறகு, பணத்தை எப்படிப் போடுவது என்று கேட்டது. பங்குச் சந்தையில் அதிகபட்சம் 75 விழுக்காடு, 50, 25 என்று பல ரகம். வயது ஏற ஏறச் சந்தைப் பணத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளுமாம். கத்தரிக்காயைக்கூட நாலு கடை ஏறி வாங்குகிறவன், அவற்றில் எதை எடுப்பது என்று இரவு பதினொரு மணி வரை மொட்டைமாடியில் உலாவினேன். முதலீடு, மறுபடியும் சொல்கிறேன், 500 ரூபாய்.

வாரிசுதாரர் கட்டம் வந்தபோது மனைவியைக் கூப்பிட்டேன். மூன்று பேர் வரைக்கும் போடலாம், ஆளுக்கு இத்தனை விழுக்காடு என்று பிரிக்க வேண்டும்.

"உனக்கு அறுபது, பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் இருபது இருபது" என்றேன், உயில் எழுதுகிற குரலில்.

"அதாவது எனக்கு முந்நூறு ரூபா."

"இப்போதைக்கு."

"சீட்டுப் பணத்துக்கு இந்த மாசம் முந்நூறு குறையுது. இப்பவே குடுத்துடுங்களேன், நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவள் தெருவில் ஏலச்சீட்டு கட்டுகிறவள். எதையும் தள்ளி எடுத்தே பழக்கம்.

பன்னிரண்டு இலக்கத்தில் 'பிரான்' என்கிற கணக்கு நம்பர் வந்ததும் என் நடையே மாறிவிட்டது என்று கடையில் சொன்னார்கள். செய்தியில் சென்செக்ஸ் என்று கேட்டால் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். அமெரிக்காவில் வட்டி ஏறினால் எனக்கு வயிறு கலங்கியது. ஒருநாள் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து மனைவி, "என்னங்க உடம்பு சரியில்லையா?" என்றாள். "சந்தை விழுந்துடுச்சு. ஒன்பது ரூபாய் போச்சு" என்றேன். அவள் உள்ளே போய் டப்பாவிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மீதி ஒரு ரூபாயை நீங்களே வெச்சுக்கங்க" என்றாள்.

கணக்குப்பிள்ளை என்பதால் கணக்கும் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்குப் பத்து விழுக்காடு வளர்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், என் 500 அறுபது வயதில் சுமார் 2,300 ஆகும். அவ்வளவையும் ஆறு விழுக்காட்டில் பென்ஷனாகப் போட்டால் மாதம் பதினோரு ரூபாய்ச் சொச்சம். இன்றைய விலைக்கே கீழ வீதியில் ஒரு டீக்குச் சில்லறை குறையும். நல்லவேளை, தொகை இவ்வளவு சின்னதாக இருந்தால் பென்ஷனாகப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். மொத்தத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பென்ஷன் விஷயத்தில் கடலூருக்கு ஒரு பாரம்பரியம் உண்டு என்று மாமனாரிடம் சொல்லிப் பார்த்தேன். தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு 1756-ல் பொறுப்பேற்று வந்த ராபர்ட் கிளைவ், பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் முடமானவர்களுக்கும் விதவைகளுக்கும் பென்ஷன் கொடுக்க ஒரு நிதி வைத்தார். வங்காள நவாப் மீர் ஜாஃபர் அவருக்கு எழுதிவைத்துப் போன ஐந்து லட்சம்தான் முதல். மாமனார் யோசித்துவிட்டு, "அவருக்கு நவாப் எழுதி வெச்சார். உங்களுக்கு?" என்றார். கூடத்தில் இருந்தவர்களில் நவாப் சாயல் உள்ளவர் அவர் ஒருவர்தான். ஆகவே பேச்சை மாற்றினேன்.

கணக்கு உயிரோடு இருக்க வருஷத்துக்கு ஆயிரமாவது போட வேண்டும். அடுத்த ஐந்நூறு தயாராகத்தான் இருந்தது. ஆனால் சிதம்பரத்தில் குடியிருப்பவனுக்கு ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா என்று வருஷத்துக்கு இரண்டு தேர். தேருக்கு முதல் நாள் கடலூர் பஸ்ஸில் மனைவி வீட்டு ஆட்கள் பத்துப் பேர் வந்து இறங்குவார்கள். காலையில் சம்பாவும் கொத்சும் வேண்டும், ராத்திரி பாய் போதாமல் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். என் இரண்டாவது தவணை கத்தரிக்காயாகவும் நல்லெண்ணெயாகவும் கொத்சுக்குள் இறங்கியது.

ஆனாலும் அந்தக் கணக்கால் ஒரு லாபம் உண்டு, அதை எந்த விளம்பரத்திலும் சொல்லவில்லை. முதுநகர்த் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் போடுகிற மைத்துனன் ஒருவன் இருக்கிறான். அவன் வாங்குகிற கடனும் அவன் சரக்கு மாதிரிதான், கை மாறியதும் கரையும். முன்பெல்லாம் அவன் கேட்டால் "இல்லை" என்று சொல்லத் தெரியாமல் விழிப்பேன். இப்போது நெஞ்சை நிமிர்த்தி, "பணமெல்லாம் என்.பி.எஸ்.-ல போட்டுட்டேம்பா. அறுபது வயசு வரைக்கும் நானே நினைச்சாலும் இஷ்டப்படி எடுக்க முடியாது" என்கிறேன். பொய்யே இல்லை. எவ்வளவு பணம் என்று மட்டும் சொல்வதில்லை.

இந்த வருஷம் ஆருத்ராவுக்கு வந்தவன் மூன்றாவது தட்டு சம்பாவை முடித்துக்கொண்டு, போனை என் முன்னால் நீட்டினான்.

"மாமா, விசாரிச்சுட்டேன். மூணு வருஷம் ஆயிட்டா வீடு, கல்யாணம், வைத்தியம்னு காரணம் காட்டி நீங்க போட்டதுல 25 பர்சென்ட் எடுக்கலாமாம். புள்ள பேர்ல ஒரு கல்யாணத்தைக் காட்டுங்க, அந்த இருபத்தஞ்சைக் குடுங்க போதும்."

மனைவி கரண்டியும் கையுமாக நின்று என்னைப் பார்த்தாள். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"தாராளமா எடுத்துக்கப்பா" என்றேன். "மூணு வருஷம் கழிச்சு வா, 125 ரூபாய். பஸ்ஸுக்கு மட்டும் நீ பார்த்துக்க."